தடையில் வராத உங்கள் அழைப்பு

என் பாசமுள்ள பெரியண்ணா,

போன கிழமை எனக்குப் பெர்மெசோ கிடைத்துவிட்டது. இத்தாலியில் தொடர்ந்து இருக்க விடும் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலிலேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள். இதற்காகத்தான் உங்களோடு கதைப்பதை நிறுத்தினேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

நீங்கள் வேலை செய்த கப்பல் பொருளாதாரத் தடையில் அகப்பட்டு, ஈரானில் ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. இறங்க அனுமதி இல்லை. இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் மீன் துப்புரவு செய்யும் நேரம் பார்த்து அழைப்பீர்கள். "ஒண்டுமில்லை பிள்ளை, சும்மா உன்ரை குரலைக் கேப்பமெண்டு. இண்டைக்கு என்ன மீன்?" அவ்வளவுதான் உங்கள் கதை.

ஒரு நாள் என் கணவர் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். "உன்ரை கொண்ணற்றை கப்பல் தடையிலை கிடக்கு. அங்கையிருந்து இஞ்சை கோல் வந்தால் பெர்மெசோவிலை கை வைப்பாங்களாம்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்தேன்.

பிறகு தெரியாத எண்ணிலிருந்து உங்கள் கப்பல் சமையல்காரர், அந்த மன்னார்க்காரர், அழைத்தார். "தங்கச்சி, அண்ணைக்கு நெஞ்சு நோ வந்தது. டொக்டர் வர முந்தி முடிஞ்சுது." போனை வைக்குமுன் சொன்னார்: "உங்கடை போன் பழுதெண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்."

அண்ணா, அதை நீங்கள் நம்பினீர்களா? அல்லது என் மானத்தைக் காப்பாற்றினீர்களா?

உங்கள் உடலை ஊருக்கு அனுப்பும் வழி கேட்கச் சட்டத்தரணியிடம் போனேன். அண்ணனோடு கதைப்பது குற்றமா என்றும் கேட்டேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சிஞோரா, தடை கப்பலுக்கும் சரக்குக்கும் பணத்துக்கும்தான். கூடப்பிறந்தவரோடு கதைப்பதை இங்கே எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அமெரிக்கர்களின் கடுமையான சட்டத்தில்கூட, சொந்தக் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் விலக்கு இருக்கிறது. யார் உங்களுக்குக் கூடாது என்றது?"

கணவர் என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஒருவரிடமும் கேட்காமல் இருந்தவள் நான்தானே. உங்கள் அழைப்பு நின்ற முதல் நாட்களில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உங்கள் குரலில் இருந்த தனிமை எனக்குப் பாரமாக இருந்தது. அந்த நிம்மதியை யார் தலையில் கட்டுவேன்?

சமையல்காரர் இன்னும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "கதைக்கலாம். கேட்டுப்போட்டுத்தான் வந்தனான்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு அழைப்பை எடுத்தேன்.

சமையல்காரர் கரை இறங்கும்வரை அவருடைய ஒரு அழைப்பையும் எடுக்காமல் விடமாட்டேன், அண்ணா. உங்களைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம், எவ்வளவு நொந்தாலும், முழுதாகக் கேட்பேன்.

ஒருவரிடமும் நீங்கள் விட்டுக்கொடுக்காத
உங்கள் தங்கச்சி