வில் நாணைக் கடித்த பல்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே நலம். அங்கே தங்கச்சியும் குட்டிப் பெண்ணும் எப்படி இருக்கிறார்கள்?

இதைக் கிளினிக் விலாசத்துக்கு அனுப்புவது ஏன் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் போன் அடித்தால் தங்கச்சி எடுப்பாள். கிளினிக்குக்கு அடித்தால் நீங்கள் யாருடைய வாயிலோ கையை விட்டுக்கொண்டு "ம், ம்" என்பீர்கள். அந்த "ம்" எனக்கா, அந்த வாய்க்கா என்று ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். போன தடவை வந்தபோது என் இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தீர்களே, அது அப்படியேதான் இருக்கிறது. வலி கிடையாது. புகையிலையை விட்டுவிட்டேன். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றீர்கள். அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன். தங்கச்சியிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம்.

இப்போது அசைய முடியாது. மியூசியத்தில் புதிய கூடம் திறக்கிறார்கள். எல்லாப் பொருள்களுக்கும் விவர அட்டையைத் திருத்தி எழுதும் வேலை என் தலையில். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்து ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அட்டையைப் படிக்கிறார்கள். அப்புறம் பொருளை ஒரு கண் பார்த்து, சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு நகர்கிறார்கள். பானைக்குப் பக்கத்தில் 'வாள்' என்று எழுதிவைத்தாலும் ஆட்டுவார்கள். இன்னொன்று, எங்கள் மியூசியத்தில் இருக்கும் அரசர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள். அத்தனை போரிலும் தோற்றவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன், பாருங்கள். எங்கள் பேரரசரின் பல். கை இரண்டையும் கட்டிப்போட்டிருந்தபோது எதிரியின் வில் நாணைப் பல்லால் கடித்து அறுத்தார், அப்போது விழுந்தது இது என்று பழைய அட்டை சொல்கிறது. தூசி தட்டக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் டாக்டர் வீட்டில் சம்பந்தம் வைத்திருப்பது இதற்காவது உதவட்டும். என்ன பல் இது?

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். குட்டிக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள், அப்பா பல் டாக்டர் என்பதால் இன்னும் அதிகமாக.

உங்கள் பேரரசரைப் பற்றி. படத்தில் பக்கத்தில் அளவுகோலை வைத்தது நல்லதாகப் போயிற்று. இது பால் பல். வேர் கரைந்து, தானாக விழுந்தது. குழந்தைக்குப் பத்து வயது இருக்கலாம். அதுவும் கடைவாய்ப் பல். வில் நாணைக் கடிக்கிறவன் கடைவாயால் ஏன் கடிக்கிறான்? போதாததற்குச் சொத்தை வேறு. பேரரசரோ யாரோ, தித்திப்பாக நிறையத் தின்றிருக்கிறார்.

உங்கள் ஆட்கள் தலையாட்டுகிறார்கள் என்கிறீர்கள். என் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டே பொய் சொல்கிறவர்கள். "தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர்" என்று சொல்லாதவரை நான் பார்த்ததே இல்லை. அது உண்மையானால் கிளினிக் வாடகையை நான் எதை வைத்துக் கட்டுவது? என்னைப் பார்க்க வரும் நாள் காலையில் மட்டும் ஆறு மாதத்துக்கும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, ஈறெல்லாம் ரத்தமாக வந்து உட்காருவார்கள். நான் திட்டுவதில்லை. வாய் தானே சொல்லிவிடும்.

அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் என்று திருத்திக்கொள்ளுங்கள். அட்டை திருத்துகிறவருக்கு அது பெரிய வேலை இல்லை. திட்டைப் பார்த்து இன்னதென்று நானே சொல்லிவிட முடியாது. சோதித்தால்தான் தெரியும். ஒன்றுமில்லை என்றே வரலாம். அதற்காகவாவது வாருங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பால் பல்! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்தில் நாலு சுற்று நடந்தேன். எங்கள் காவலர், "என்ன சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்றார். ஒரு பேரரசரையே தொலைத்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இயக்குநரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையும் செய்யப்போவதில்லை என்றால் அவர் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

"மக்கள் சந்தோஷமாப் பார்த்துட்டுப் போறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அது பொய்யாச்சே சார்."

"அந்தப் பொய்யால இதுவரைக்கும் யாருக்காவது பல் வலிச்சுதா?"

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. எத்தனை அப்பாக்கள் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பார்த்தியா, எவ்வளவு வீரம்!" என்று அந்தச் சொத்தைப் பல்லைக் காட்டியிருப்பார்கள்! யோசித்துப் பாருங்கள், மாப்பிள்ளை. வரலாறு என்றால் யாருக்கும் பயமில்லாமல் போய்விட்டது. செத்தவன் எழுந்துவந்து வாயைத் திறந்து காட்டமாட்டான் என்ற தைரியம்தான்.

இந்தப் பல் விஷயத்தை ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன். கன்னம் பரவாயில்லை. கூடம் திறந்ததும் வருகிறேன்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க அரசர் வாய். உங்கள் வாய்க்கு இரண்டே சொல். 'கன்னம் பரவாயில்லை.' அது யார் எழுதிய அட்டை?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கவரைப் பிரித்ததும் என் உதவியாளர் மூக்கைச் சுளித்து, "டாக்டர், லெட்டர்ல புகையிலை வாசனை அடிக்குது" என்றாள். அவளுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். கவருக்குள் மறைத்தவர் நீங்கள்தான்.

சொல்லக்கூடாது என்று இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாமா, உங்கள் அப்பா, வாய்ப்புற்றோடு கிடந்த கடைசி நாள்களில் அவர் வாயைத் தினமும் சுத்தம் செய்தவள் உங்கள் தங்கை. அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணமாகியிருந்தது. பஞ்சை நனைத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. "இதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது" என்றாள் ஒருநாள். நீங்கள் அன்றைக்கு அதே அறையில்தான் நின்றிருந்தீர்கள். புகையிலையை இனித் தொடமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். மாமாவும் கடைசிவரை "வலிக்கல, பரவாயில்ல" என்றுதான் சொன்னார். வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் காட்ட வந்தார்.

உங்களுக்காக நான் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது பழக்கமில்லை. சாப்பிடும்போது அவள் "அண்ணன் ஏன் இப்பல்லாம் பேசறதே இல்ல?" என்றால் தட்டைப் பார்க்கிறேன். ஒன்று சொல்லிவைக்கிறேன். நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். அவள் நேராகக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்.

வாருங்கள் மச்சான்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நான் என்ன சின்னப் பிள்ளையா? வாசனை பிடித்துக் கண்டுபிடிக்க உங்கள் கிளினிக் என்ன போலீஸ் ஸ்டேஷனா? எங்கள் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் போடுகிறார், காகிதத்தில் ஒட்டியிருக்கும். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்பாவை இதில் இழுத்திருக்க வேண்டாம். அந்த அறையில் நின்றவன் நான். எனக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

பல் விஷயம் முடிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் அட்டைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு கட்டு அட்டைக்கு நடுவில் புதியதைச் செருகிவிட்டேன். 'ஒரு குழந்தையின் பால் பல். சொத்தை உள்ளது. பேரரசருடையது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது, சான்று இல்லை. யாருடையது என்று தெரியாது.' கையெழுத்தாகி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏறியும்விட்டது. உண்மையைக்கூடக் கள்ளத்தனமாகத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. நீங்களோ எல்லாவற்றையும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போட்டு உடைக்க வேண்டும் என்கிறீர்கள்.

தங்கச்சியிடம் சொன்னால் நமக்குள் பேச்சு வார்த்தை முடிந்தது.

மச்சான்

ஏப்ரல் 17

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று கேட்டுவிட்டாள்.

குட்டிக்கு அந்த முன்பல் விழுந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு என்ன?" என்றாள். முன்னும் இல்லை பின்னும் இல்லை, அப்படியே கேட்டாள். நான், "உங்க அண்ணனைக் கேளு" என்றேன். பல்லை ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள், பாத்திரமெல்லாம் துலக்கினாள், துலக்கியதையே மறுபடி துலக்கினாள்.

பொய் சொல்லவில்லை. சொல்லாமலும் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பதானால் இருந்துகொள்ளுங்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பேசாமல் உயிரோடு இருங்கள், தாங்கிக்கொள்கிறேன்.

காலையில் ஒரு நோயாளியின் வாயில் தப்பான பல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே கையைப் பிடித்து, "அது இல்ல டாக்டர், பக்கத்துப் பல்லு" என்றார். என் மனசு அந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

இந்த மாதம் எல்லாச் சனிக்கிழமையும் மதியத்துக்கு மேல் யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. நாற்காலி காலியாக இருக்கும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 23

அன்புள்ள தங்கச்சிக்கு,

இது கிளினிக்குக்கு இல்லை, வீட்டுக்கு. உனக்கு. நான் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதி எத்தனை காலமாயிற்று என்று கணக்குப் பார்க்காதே.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே. அவர் வாயை நான்தான் கட்டிப்போட்டேன். என்னைப் போன்ற ஒருவனுக்காக அவர் உன் முன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஒரு பல்லின் கதையை அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. பொய்யாக இருந்த அட்டையை நான் மாற்றினேன். மாற்றியதிலிருந்து அந்தப் பெட்டி முன்னால்தான் கூட்டம். இயக்குநர் இரண்டு நாள் என்னைக் கடித்துக் குதறினார். மூன்றாம் நாள் யாரோ பாராட்டியதும், "நம்ம யோசனைதான்" என்கிறார். அது கிடக்கட்டும்.

திங்கட்கிழமை பள்ளிக் குழந்தைகள் வந்தார்கள். ஒரு பெண், குட்டி வயசுதான் இருக்கும், அவளுக்கும் முன்பல் இல்லை. அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் காவலரிடம் கேட்டாள்: "அப்போ இத்தனை நாளா ஏன் பொய் சொன்னீங்க?" அவர் தயங்காமல் கையை நீட்டினார். "நான் இல்லம்மா. அதோ நிக்கிறாரே, எழுதறவர், அவரைக் கேளு."

அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிவிட்டேன். இந்த வயதில், இந்தத் தொந்தியோடு, ஆபீஸ் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். போனதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. ஒரு சிட்டிகை எடுத்து இடது கன்னத்தில் அடக்கினேன். சுரீரென்று எரிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். அதே மாதிரி ஒரு பக்கக் கன்னம், அதே மாதிரி, ஒன்றுமில்லை என்று சொல்லத் தயாராக ஒரு முகம்.

துப்பிவிட்டு வாயைத் திறந்து பார்த்தேன். எட்டு மாதமாக நான் பார்க்கவே இல்லை, தங்கச்சி. நாக்கால் தடவிப் பார்ப்பேன், கண்ணால் பார்க்கமாட்டேன்.

எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது. அதனால் ஓர் அட்டை எழுதியிருக்கிறேன்:

'இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. முதலில் பார்த்தவர் உன் கணவர். அப்போது சிறியது, இப்போது பெரியது. காரணம் புகையிலை. உரியவர் அதை விட்டுவிட்டதாக நெடுங்காலம் சொல்லப்பட்டது, சான்று இல்லை. என்ன நோய் என்று தெரியாது. உரியவர் பயந்துகொண்டு சோதனைக்குப் போகவில்லை.'

இதில் ஒரு சொல்லும் கள்ளத்தனமாகச் செருகவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கதவைத் திறந்ததும் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிறகு என்னோடு கிளினிக்குக்கு வா. இன்னொரு தடவை உன்னால் பார்க்க முடியாது என்று சொன்னவளை வரச்சொல்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை கத்தி எடுக்கும்போது நீ பக்கத்தில் இல்லையென்றால் அந்த நாற்காலியிலிருந்தும் நான் எழுந்து ஓடிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

கவரைப் பிரிக்கும்போதே வாசனை வந்திருக்கும். உள்ளே இருப்பது என்னிடம் மிச்சமிருந்த பொட்டலம். நீயே எறிந்துவிடு. நான் எறிந்தால் குப்பைக்கூடையைக் கிளறி மறுபடியும் எடுத்துவிடுவேன். ஏற்கனவே இரண்டு தடவை எடுத்திருக்கிறேன்.

உன்
அண்ணன்