புள்ளியில்லாத பெயர்கள்

செட்டியார்பட்டி,
9.6.2024

என் சப்ரீனுக்கு,

அரபு எழுதிப் பழகுவதைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் கை போகிற போக்கு தெரியாது, தாளில் எழுதித் தபாலில் போடு என்றாய். போட்டுவிட்டேன். சிரிக்காதே.

பா, தா, ஸா மூன்று எழுத்தும் ஒரே தோணி வடிவம், புள்ளிதான் வேறு என்று நீ சொன்னது புரிந்தது. ஆனால் சேர்த்து எழுதும்போது தோணி காணாமல் போய் ஒரு பல் மட்டும் நிற்கிறது. வலமிருந்து இடமாக எழுதிப் பழகி, நேற்று நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் ஒரு அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதவும் தாளின் வலது ஓரத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பொட்டப்புள்ள மஸ்கட்டுல தனியா என்ன செய்வா?" என்று அம்மாவிடம் கேட்கிறார். சப்ரீனும் கூடப் போகிறாள் என்பதைச் சொல்லித்தான் அம்மா எனக்காகப் பேசுகிறாள்.

மஸ்கட் ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற வேலைக்கு இந்த அரபு போதுமா? திருத்தி அனுப்பு.

உன் ரஞ்சனி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
23.6.2024

அன்பு ரஞ்சனிக்கு,

எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். உன் ஐன் எழுத்து வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. சொல்லின் முதலில் வந்தால் திறந்துவிடு.

நான் சின்ன வயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதப் படித்தவள்தான். பார்த்து ஓதுவேன், பொருளும் தெரியாது, எழுதவும் அவ்வளவாக வராது. உனக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்தான் நானும் எழுதுகிறேன்.

விவாகரத்தாகி வந்தவள் என்பதை இந்த வீடு மறக்க விடுவதில்லை. நேற்று மைனி என் காதில் விழட்டும் என்றே அண்ணனிடம், "ஒங்க தங்கச்சி எம்புட்டு நாளைக்குத்தான் இங்கனயே இருப்பா?" என்றாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதுரை ஏஜென்ட் ஆபீசில் நம் இருவருக்கும் என் நம்பரையே கொடுத்திருக்கிறேன். ஸ்கேன் சென்டரில் உன்னைப் போன் எடுக்க விடமாட்டார்கள். போனால் ரெண்டு பேரும் போவோம்டீ. இல்லையென்றால் ரெண்டு பேரும் இங்கேயே கிடப்போம்.

சப்ரீன்


செட்டியார்பட்டி,
17.11.2024

சப்ரீன்,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் நேற்று மதுரைக்கு நானே போனேன். ஆபீசில் இருந்த ஜெயபாய் அக்கா என் பெயரைக் கேட்டதும், "ஒங்க அப்பா விடமாட்டேன்னுட்டாராமே? சப்ரீன் சொன்னாகளே. அவிய விசாவும் வந்துருச்சு" என்றார்.

இடம் ஒன்றுதான் என்றும், நம் இருவருக்கும் எழுத்துத் தேர்வு வைப்பதாக உனக்குப் போன் செய்ததாகவும் சொன்னார். நீ சொன்ன ஒரு வார்த்தையில் தேர்வே இல்லாமல் போனது.

தீபாவளிக்கு மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "போயிட்டு வாத்தா. அந்தப் புள்ள கூட இருக்காள்ல" என்றார். அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். "சந்தோசம்டீ" என்றாய். அதற்குப் பிறகுதான் ஜெயபாய் அக்காவிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாய்.

எனக்குப் போக வேண்டும், நீ விட்டுக்கொடு என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கொடுத்தும் இருப்பேன்.

பதில் எழுது.

ரஞ்சனி


மஸ்கட்,
2.2.2025

அன்பு ரஞ்சனி,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். உனக்கு அப்பா, அம்மா, வேலை எல்லாம் இருக்கிறது. எனக்கு அந்த வீட்டில் ஒரு பாய் விரிக்கிற இடம்கூட இல்லை. எழுத்தில் நீ என்னைத் தாண்டிவிட்டாய், தேர்வு வைத்திருந்தால் நீதான் போயிருப்பாய். யோசித்துப் பார்த்தால் உனக்கே புரியும்.

இப்போது ஒரு கஷ்டம். ஓதிப் பழகியதெல்லாம் அச்சில், உச்சரிப்புக் குறிகளோடு. இங்கே டாக்டர் கையால் எழுதிய சீட்டில் குறியும் இல்லை, புள்ளியும் இல்லை. போன வாரம் ஒரு குழந்தையின் பெயரைத் தப்பாகப் பதிந்து, வேறு குழந்தையின் ரிப்போர்ட் அவர்கள் கைக்குப் போய்விட்டது. இன்னொரு முறை நடந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். எனக்குத் தகராறான மூன்று பெயர்களைப் பார்த்தபடியே வரைந்திருக்கிறேன். படித்துச் சொல்லு. உன்னை விட்டால் கேட்க எனக்கு யாருமில்லை.

என்றும் உன் சப்ரீன்


செட்டியார்பட்டி,
23.2.2025

சப்ரீனுக்கு,

புள்ளி இல்லாமல் இல்லை. கையெழுத்தில் இரண்டு புள்ளியைச் சின்னக் கோடாக இழுத்துவிடுவார்கள். மூன்று புள்ளி கூரை மாதிரி இருக்கும். முதல் பெயர் ஷெய்கா. இரண்டாவது பத்ரியா. மூன்றாவது எனக்கும் புரியவில்லை. அதை ஊகித்துப் பதியாதே. டாக்டரிடம் போய்க் கேள், திட்டினாலும் கேள்.

பிள்ளைகளின் பெயர் என்பதால் எழுதினேன்.

நீ அங்கே போனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அது ஆறிவிடும். என் அப்பா மனதை மாற்றிக்கொண்டதே உன்னை நம்பித்தான். அவர் தடுத்தார் என்று நீ சொல்லியிருக்கிறாய். போன மாதம் அவர், "அந்தப் புள்ள ஏன்த்தா இப்ப வாரதில்ல? ஏதும் கோவமா?" என்று கேட்டார். மஸ்கட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். "நான் சட்டுனு சரின்னு சொல்லாததாலதான் ஒனக்குக் கெடைக்காமப் போச்சோ" என்றார். இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்.

நீ சொன்னபடி இதைத்தான் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை.

இனி எழுதாதே. உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்படி தபால்காரர் வீரணனிடம் சொல்லிவிட்டேன். அரபு படிப்பதை நான் நிறுத்தவில்லை. எங்காவது போகிறேனா, இங்கேயே இருக்கிறேனா என்பது உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

ச. சிவரஞ்சனி