கான் என்றே எழுதியிருக்கலாம், ராத்தா

ராத்தா, இன்றைக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போவதற்குள் மெழுகுதிரியை எடுத்து வைப்போம் என்று அலுமாரியைத் திறந்தேன். தையல் மெஷின் எண்ணெய் மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. என் வீட்டில் மெஷினும் இல்லை, எண்ணெயும் இல்லை. எனக்குப் பொத்தான் தைக்கவே ஒழுங்காக வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மகள் என் கையில் கொடுத்துவிட்டுப் போன துணிப்பட்டிதான் அப்படி மணத்தது. மெழுகுதிரியை மறந்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு விரல் அகலம், என் இடுப்பு உயரம். அடிப்பக்கம் மடித்துத் தைத்தது. குறுக்கே, வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு நிற நூலில் சின்னச் சின்னத் தையல்கள். தெரியாத ஒருவர் பார்த்தால் யாரோ தையல் பழகிய துணி என்று தூக்கிப் போட்டுவிடுவார். நம் தெருவில் வெள்ளம் ஏறிய கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் வருஷமே அதைப் பார்த்துவிட்டேன். கம்பளை ரோட்டில் நம் சின்ன டவுன், அதன் பஸாருக்குப் பின்னால் பள்ளத்தில் நம் தெரு. என் வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். உங்கள் வீட்டுக்கு ஒரு படிகூடக் கிடையாது. அன்றைக்கு மழை விட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு எட்டிப் பார்த்தேன். நீங்கள் கதவு நிலையோடு அந்தப் பட்டியைப் பிடித்து, சுவரில் சேறு படிந்திருந்த கோட்டுக்கு நேராக ஊசி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். வீடெல்லாம் சேறு, நீங்கள் தையலில்!

“என்ன ராத்தா செய்றீங்க?” என்றேன்.

“வெள்ளத்துக்கு அளவு எடுக்கிறேன் டீச்சர். ஒவ்வொரு வருஷமும் வாரவருக்கு அளவு தெரிய வாணாமா?”

எந்த நிறம் என்று தேர்ந்தெடுப்பதில்லை, அப்போது மெஷினில் என்ன நூல் ஏறியிருக்கிறதோ அதுதான் என்றும் சொன்னீர்கள். அதனால்தான் உங்களுக்கு வருஷம் மறக்கவில்லை. நீலம், பாடசாலைச் சட்டை நிறையத் தைத்த வருஷம். ரோஸ், மகளின் கலியாண வருஷம். பச்சை, மூலையில் யாரோ கடைவாசலை அகலமாக்க, மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானை மூடிக் கொங்கிறீட் போட்ட வருஷம். பச்சைக்குக் கீழே உள்ளதெல்லாம் கணுக்கால் உயரம். பச்சையிலிருந்து எல்லாம் முழங்காலுக்கு மேலே. இதை நீங்கள் பல தடவை காட்டியும் நான் வெறும் தையலாகத்தான் பார்த்தேன்.

தெருவில் எல்லோரும் ஆறு பெருகி வருகிறது என்றுதான் சொன்னோம். மகாவலி பக்கத்தில் இருக்கும்போது வேறு யாரைக் குற்றம் சொல்வது? ஆற்றுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று பெருமூச்சு விட்டுவிட்டுச் சாக்குகளை வாசலில் அடுக்கினோம். நீங்கள் மட்டும் குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தீர்கள்.

“ஆத்துத் தண்ணிண்டா மண் மணக்கோணும். இது சோப்பு மணக்குது டீச்சர். மேல ஹோட்டல்ல பிளேட் கழுவின தண்ணி ஏண்ட ஊட்டுக்கு வந்தீக்கி. இந்தா பாருங்க, தேயிலச் சக்க!”

உண்மைதான். உங்கள் விரலில் தேயிலைச் சக்கை ஒட்டியிருந்தது. டவுன் தண்ணீர் முழுவதும் வந்து இறங்கும் கான் மூலையில் அடைபட்டு, ஆற்றுக்குப் போக வழியில்லாமல் உங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள்.

அரசாங்கத்துக்கு மனு எழுதுவோம் என்று முடிவானதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தமிழ் டீச்சர் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? எனக்கும் தலைக்கனம் இல்லாமல் இல்லை. உங்கள் வெட்டுமேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது நீங்கள் ஒரு இடத்தில் கையைத் தூக்கினீர்கள்.

“கான் அடைபட்டீக்கிண்டு எழுதுங்க டீச்சர். அவ்வளவுதானே விஷயம்.”

“கான் தமிழே இல்ல ராத்தா. சிங்களத்துல இருந்து வந்தது. நான் வாய்க்கால்னு எழுதியிருக்கேன்.”

“வாய்க்காலா? அது வயலுக்குப் போறதில்லயா?”

“இல்ல ராத்தா, அதான் நல்ல தமிழ். ஆபீஸ்ல படிக்கிறவங்களுக்கு மரியாதையா இருக்கணுமே.”

நீங்கள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “ஒங்கட தமிழப் பாத்து வெள்ளமே வெக்கப்பட்டுத் திரும்பிப் போகும்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இதுவரை உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த மனுவுக்குப் பதில் வர இரண்டு மழைக்காலம் ஆனது. முதல் மழையில் கலியாண வீட்டுக்காரர் ஒருவரின் துணி முழுவதும் சேறாகி, நீங்கள் மூன்று நாள் தோய்த்துக் காயப்போட்டீர்கள். இரண்டாவது மழையில்தான் அந்தப் பெரிய தண்ணீர். மெஷினின் மோட்டர் நனையக்கூடாது என்று தூக்கப் போனவர் நீங்கள். வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. நான் என் மூன்று படியின் மேலே நின்று “ராத்தா, விட்டுட்டு வாங்க!” என்று கத்திக்கொண்டுதான் இருந்தேன். இறங்கி வர எனக்கு அவ்வளவு நேரம் எடுத்திருக்கக் கூடாது.

நீங்கள் படுக்கையில் இருந்த அந்த மாதத்தில்தான் பதில் வந்தது. சிங்களத்தில், என் விலாசத்துக்கு. எனக்கு ஆபீஸ் சிங்களம் சரியாக வாசிக்க வராது. பாடசாலையில் சிங்களப் பாடம் எடுக்கும் டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“டீச்சர், உங்களுக்கு வயல் இருக்கா?”

“வயலா? எனக்கா?”

“உங்க பக்கத்துல வயலுக்குப் போற எல எதுவும் பதிவுல இல்லன்னு எழுதியிருக்காங்க.”

எல என்றால் அவர்களுக்கு வயல் ஓடை. ஆபீசில் மனுவைச் சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவர் என் வாய்க்காலை அப்படியே எல ஆக்கிவிட்டார். அவர்மேல் என்ன பிழை? நான் எழுதியதைத்தான் அவர் எழுதினார். மனு வயல் தண்ணீர் பார்க்கிற ஆபீசுக்குப் போய், ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கி, இல்லாத வயலைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறது. கான் என்று ஒரு சொல் எழுதியிருந்தால், சிங்களத்தில் கானுவ என்று ஆகி, நேரே கானைப் பார்க்கிறவர்களிடம் போயிருக்கும்.

அந்தக் கடிதத்தை நான் உங்களிடம் காட்டவில்லை. “பதிலே வரல ராத்தா, திரும்ப எழுதுவோம்” என்றேன். நீங்கள் சுடுதண்ணீர்ப் போத்தலை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையாட்டினீர்கள். எனக்கு முகம் காட்ட முடியவில்லை. பயந்துவிட்டேன் ராத்தா, அதுதான் உண்மை. ஒரு சொல்லின் அழகுக்காக இரண்டு மழையை உங்கள் வீட்டுக்குள் விட்டவள் நான் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயம்.

இரண்டாவது மனு அரைப் பக்கம். மூலையில் கான் மூடப்பட்டு அடைபட்டிருக்கிறது, தண்ணீர் வீடுகளுக்குள் வருகிறது, வந்து பாருங்கள். அவ்வளவுதான். அந்த மாதமே கான் பார்க்கிற ஆபீசிலிருந்து ஒரு மிஸ் வந்தார். தலையில் தொப்பி, கையில் ஒரு கொப்பி, சேற்றுக்கு ஏற்ற சப்பாத்து. தெருவில் ஆளாளுக்கு ஆற்றைக் கை காட்டினார்கள். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, பட்டியின் அடியைத் தரையில் வைத்து, மேல் நுனியை நிலையோடு பிடித்தீர்கள்.

மிஸ்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு நிறமாகத் தொட்டு, தெரிந்த சிங்களத்தில் வருஷம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். பச்சை வந்ததும் விரலை அங்கேயே வைத்து, மூலையைக் காட்டி, “கானுவ” என்றீர்கள். மிஸ் குனிந்து பச்சைக்குக் கீழே உள்ளதைப் பார்த்தார், மேலே உள்ளதைப் பார்த்தார். பிறகு அதைப் படம் எடுத்துக்கொண்டு, நேரே மூலைக்குப் போய் ஒரு கம்பியால் கொங்கிறீட்டின் கீழே குத்திப் பார்த்தார். கம்பி ஒரு சாண்கூட இறங்கவில்லை. கானை உடைத்துத் திறக்கத்தான் வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா டீச்சர், மிஸ்ஸுக்குக் கான் வெளங்குது” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். தெரிந்துகொண்டுதான் சிரித்தீர்களா? சிங்கள டீச்சரின் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தவர் நீங்கள்தானே. அளவு கொடுக்க வந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்லியிருப்பாரோ?

நீங்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. அந்த ஜன்னலோரத்தில், உங்கள் சொந்த வீட்டில், மெஷினைப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் அடுத்த மழைக்கு முன்னாலே உங்கள் மகள் வந்து கடுகண்ணாவைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மலை உச்சியில் வீடு, தண்ணீர் நிற்காத இடம். அவரைக் குறை சொல்ல முடியாது. வேனில் ஏறும்போது உங்கள் வீட்டுக் கதவின் திறப்பை என் கையில் வைத்து மூடினீர்கள்.

“கான் வேல முடிஞ்ச ஒடன வந்திடுவேன். அது வரைக்கும் ஊட்டப் பாத்துக்கோங்க.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் போன் வரும். சுகமா என்று கேட்க மாட்டீர்கள். “கான் எப்பிடி ஈக்கி டீச்சர்?” என்பதுதான் முதல் கேள்வி. இன்றைக்கு அளந்தார்கள், இன்றைக்குக் குழாய் வந்து இறங்கியது என்று சொல்வேன். ஒன்றும் நடக்காத வாரத்திலும் ஏதாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை, கொங்கிறீட்டை உடைக்கிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றீர்கள். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “வடிவா ஈக்கி” என்றீர்கள். அடுத்த வெள்ளிக்கு முன் நீங்கள் மௌத்தான செய்திதான் வந்தது. கடுகண்ணாவைக்கு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் அந்தக் கடிதத்தை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன், சொல்ல இனி ஆள் இல்லை என்பது மனதில் ஏறாமலே.

வேலை நன்றாகத்தான் முடிந்தது ராத்தா. கொங்கிறீட்டின் கீழே பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று குறுக்கே போயிருந்தது. அதில் சிக்கிய குப்பை பாறையாகக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்து, கானை அகலமாக்கி, ரோட்டுக்கு அடியில் ஆறு வரைக்கும் பெரிய வழி விட்டிருக்கிறார்கள். மேலே கழற்றி மாட்டும் இரும்புக் கிராதி. மூலையில் மண் தங்க ஒரு குழி. மழைக்கு முன்னால் குழியைத் துப்புரவு செய்ய வேண்டும் என்று மிஸ் சொன்னதை இப்போது நான்தான் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன். தொழிலாளர்கள் என்னைக் கண்டால் “கான் டீச்சர் வாறாங்க” என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. வகுப்பில் கட்டுரையில் ஒரு பிள்ளை கான் என்று எழுதினால் இத்தனை வருஷம் சிவப்புக் கோடு போட்டவள், இப்போது போடுவதில்லை.

இன்றைய மழை மூன்று மணிக்குப் பிடித்து ஐந்து மணிக்குத்தான் விட்டது. பழைய நாளில் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கும். குடையை எடுத்துக்கொண்டு என் மூன்று படியும் இறங்கிப் போனேன். கிராதிக்குக் கீழே தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு ஓடியது. உங்கள் கதவைத் திறந்து தரையைத் தடவிப் பார்த்தேன். கையில் தூசிதான் ஒட்டியது. அங்கேயே, ஜன்னலோரத்தில், மெஷின் நின்ற இடத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பிறகு வீட்டுக்கு வந்து ஊசி தேடினேன். என்னிடம் இருப்பது கறுப்பு நூல் ஒன்றுதான், அதுதான் இந்த வருஷ நிறம். பட்டியின் அடியில், நீங்கள் மடித்துத் தைத்த ஓரத்தின் மேலேயே, தரையோடு தரையாக ஒரு தையல் போட்டேன். விரலில் இரண்டு தடவை குத்தியது. கோணலாக வந்திருக்கிறது. பிரித்துவிட்டுத் திரும்பத் தையுங்க டீச்சர் என்றுதான் சொல்வீர்கள்.

பிரிக்க மாட்டேன், ராத்தா.