முள் அட்டிகை

பத்தாங் பெர்ஜுந்தாய்
18 நவம்பர் 2024

அன்பு மகள் துளசிக்கு,

உன் முள் அட்டிகைக்கு அச்சு எடுத்தது நான்தான். தீபாவளிக்கு வந்த நீ கோயிலுக்குப் போயிருந்தபோது பட்டறையில் கொடுத்து எடுத்தேன். தங்கத்தில் செய்து அம்மா கழுத்தில் போட்டுப் படம் பிடித்து, கடை ஃபேஸ்புக்கில் ஏற்றினேன். அதைப் பார்த்து உன்னைக் காலேஜ் நகை வடிவமைப்புப் போட்டியிலிருந்து நீக்குவார்கள் என்று எனக்கென்ன தெரியும்? போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

கோபப்படாதே, ஒன்று சொல்கிறேன். நீ வெள்ளியில் செய்தது கழுத்தைக் குத்துகிறது. யார் வாங்குவார்? நான் முள்ளையெல்லாம் மழுக்கினேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு சுங்கை பெசார் கல்யாணத்தில், "என் மக டிசைன் லா" என்று சொல்லாத ஆளில்லை. ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது.

அம்மா நெத்திலிச் சம்பல் அனுப்பியிருக்கிறாள். சாப்பிடு.

உன் அப்பா,
இராமையா


கோலாலம்பூர்
25 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சம்பல் கிடைத்தது.

போட்டிக்கு வரும் வடிவம் எந்தக் கடையிலும் வந்திருக்கக் கூடாது. நடுவர் ஃபேஸ்புக்கில் இருந்த அம்மாவின் படத்தைக் காட்டி, "துளசி நகைக்கடை. துளசி நீதானே?" என்றார். நான் பிறந்தபோது அப்பா கடைக்கு வைத்த பெயர், அங்கே இதை விற்பது எனக்குத் தெரியாது என்றேன். "அப்படியானால் அப்பா திருடினாரா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மகளுக்குத் தெரியாமல் அச்சு எடுத்தேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுபடி சேர்ப்பார்களாம். டிசம்பர் ஐந்துக்குள். ஜெயித்தால் இத்தாலியில் படிப்பு. ஒரு வரிதான் அப்பா.

அந்த முள் குத்தத்தான் வேண்டும். எஸ்டேட்டில் எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழம் பொறுக்கிய அம்மாவின் விரலில் ஏறிய முள் அது.

துளசி


பத்தாங் பெர்ஜுந்தாய்
2 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட வரியை எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை.

எஸ்டேட் லயத்துச் சனங்கள் என் கையில் நகையைக் கொடுத்துவிட்டு ரசீதுகூடக் கேட்காமல் போகிறார்கள். பெற்ற மகள் பொருளையே தெரியாமல் எடுத்தவன் என்று என் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருந்தால், என்றைக்காவது அது இந்த ஊருக்கு வரும். அப்புறம் கடையைச் சாத்த வேண்டியதுதான். இத்தாலிக்கு நானே அனுப்புகிறேன். போட்டி எதற்கு?

அம்மா அட்டிகையைக் கழற்றிச் சாமி மேடையில் வைத்துவிட்டாள். "கடை போனா மறுபடி பழம் பொறுக்குறேன். கையெழுத்துப் போடுங்க" என்கிறாள். முள் ஏறப் பொறுக்கியவள் பேசுகிற பேச்சா இது?

அப்பா


கோலாலம்பூர்
9 டிசம்பர் 2024

அப்பாவுக்கு,

தேதி முடிந்தது. உங்கள் பணத்தில் இத்தாலி வேண்டாம்.

இனி அந்த வடிவத்தை எங்கே காட்டினாலும் கடைச் சரக்கு என்பார்கள். நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம். கடைப் பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அதுதான் விலை.

இல்லையென்றால் அச்சை வெட்டிப் போட்டு, ஆர்டர்களைத் திருப்பிக் கொடுங்கள். பெயர் இருக்கட்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறேன்.

எது என்று எழுதுங்கள்.

துளசி


பத்தாங் பெர்ஜுந்தாய்
20 டிசம்பர் 2024

துளசிக்கு,

ஆர்டர் கொடுத்தவர்கள் தை மாதக் கல்யாணக்காரர்கள். முன்பணம் வாங்கி, தங்கமும் எடுத்தாகிவிட்டது. இப்போது இல்லை என்றால் இன்னொரு முறை என் கடைப் படி ஏறுவார்களா? அச்சை வெட்ட முடியாது.

பலகைக்காரனை வரவழைத்தேன். "என்ன பேரு முதலாளி?" என்று கேட்டான். எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. நகைக்கடை என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

பொங்கலுக்கு அம்மா உன்னிடம் வருகிறாள். பஸ் ஏற்றிவிடுகிறேன். எப்போது திரும்புவாய் என்று அவளிடம் கேட்டேன், "போறதுக்கு மட்டும் டிக்கெட் எடுங்க" என்றாள்.

நீ சொன்னபடியே ஒத்துக்கொள்கிறேன். வடிவம் கடைக்கு. பெயர் உனக்கு. பழைய பலகை பொங்கலுக்கு முன்னால் இறங்கிவிடும்.

இராமையா