அறுத்த வீட்டின் சமையலறையிலிருந்து

டகோட்டா, அக்டோபர் 1911

அன்பு மகள் ரக்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே கடலோரத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைக் கேட்டால், மூட்டுவலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே, நானே சொல்கிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், காய்ந்த ரொட்டித் துண்டைக் கடிக்கக் கொடு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள். உருளைக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக இறங்கியது. பன்றி அடித்து உப்புப் போட்டாயிற்று. இப்படியே எழுதிக்கொண்டு போனால் விஷயத்துக்கு வரவே மாட்டேன். நீ பிறந்த வீடு இப்போது இல்லை. எரியவில்லை, சூறாவளி கொண்டுபோகவில்லை. உன் அண்ணன்கள் இரண்டு பேரும் சேர்ந்து ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதினால்தான் ஆறும். என் முதல் புருஷன் லார்ஸ் செத்த பிறகு, ஸ்வென்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பெயரில் நிலம் பதிந்தேன். பக்கத்து நிலத்தில் உன் அப்பா, பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தை ஓலாவோடு திண்டாடிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் பால் கொடுத்தேன், கல்யாணம் அப்புறம்தான். அவரவர் நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்தால்தான் சர்க்கார் பட்டா தரும் என்பதால் எல்லைக்கோட்டின் மேலேயே வீட்டைக் கட்டினார். சமையலறையும் அவர் கட்டிலும் மேற்கே அவர் நிலத்தில், என் கட்டில் கிழக்கே என் நிலத்தில். புருஷனும் பெண்டாட்டியும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படுத்தோம். பிறகு அந்த மண்கட்டி வீட்டை இடித்துப் பலகை வீடு கட்டியபோதும் அதே இடம்தான். கோட்டைக் கண்டுபிடித்தது இங்கே எல்லாரும் செய்தது போலத்தான், வண்டிச் சக்கரத்தில் துணி கட்டி, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே மூலைக்கல்லிலிருந்து ஓட்டி வந்தார்.

அவர் வசந்தத்தில் போனார். கல்லறை மண் காய்வதற்குள் இவர்கள் தொடங்கிவிட்டார்கள். ஓலாவுக்கு அப்பா நிலம், ஸ்வென்னுக்கு என் நிலம், அதில் தகராறு இல்லை. வீடு யாருக்கு? சமையலறை எங்கப்பா நிலத்துல இருக்கு, அடுப்பு இல்லாதது ஒரு வீடா, அதனால எனக்குத்தான் என்றான் ஓலாவ். அப்படின்னா உன் பாதியைத் தூக்கிட்டுப் போடா என்றான் ஸ்வென். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். பாதிரியாரைக் கூப்பிட்டேன், அவர் காப்பி குடித்துவிட்டு, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அறுக்கிற அன்று சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தாய் உள்ளே இருக்கும்போது அறுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அறுத்தார்கள். மரத்தூள் என் காப்பியில் விழுந்தது. ஓலாவ் அடியில் உருளைக்கட்டை செருகி, குதிரைகளைப் பூட்டி, இறங்குங்கம்மா, விழுந்துடப் போறீங்க என்று கெஞ்சினான். நான் அசையவில்லை. என் வயிற்றில் பிறந்த ஸ்வென் கிழக்குப் பாதியில் நின்றுகொண்டு, விடுடா, அடுப்பு போற இடத்துக்குத்தான் அதுவும் போகும் என்றான். தாயை அது என்றான். அப்படியே மேற்கே தள்ளி, ஓலாவ் நிலத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், ரக்னா. அக்கம்பக்கத்துப் பண்ணையெல்லாம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன்.

கூத்து இனிமேல்தான். போன மாதம் சாலை போட அளக்க வந்தவர்கள் சங்கிலி பிடித்துப் பார்த்தார்கள். உண்மையான எல்லை வீட்டுக்கு மேற்கே, கிணற்றையும் தாண்டிப் போகிறதாம். உன் அப்பா சக்கரத்தை எண்ணிக்கொண்டு வரும்போது வழியில் யாரிடமோ அரட்டை அடித்திருப்பார், எண்ணிக்கை தவறியிருக்கும், அவரை எனக்குத் தெரியாதா. வீடு முழுசும் என் நிலத்தில்தான் இருந்திருக்கிறது. அறுக்க வேண்டியதே இல்லை. சட்டத்துக்குப் பயந்து தனிக்கட்டிலில் படுத்த மனுஷன் அத்தனை வருஷமும் என் மண்ணில்தான் படுத்திருக்கிறார். இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

ஸ்வென் மறுநாளே குதிரைகளோடு வந்து நின்று, என் வீட்டுல பாதியை இங்க வச்சிருக்கியே, மரியாதையாக் கொடு என்று ஓலாவைப் பார்த்துக் கத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வீடு இல்லடா, என் வீடு, பட்டா இன்னும் என் பேர்லதான் இருக்கு, அறுக்கும்போது ஒருத்தனாவது என்னைக் கேட்டீங்களா, ரெண்டு பேரும் சேர்ந்து இருந்த இடத்துலயே கொண்டுபோய் ஒட்டி வைங்க என்றேன். ஓலாவ் வீட்டுக் கிழவிகிட்ட எனக்கென்ன பேச்சு என்று ஸ்வென் திரும்பிப் போய்விட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஓலாவின் முகம்தான் செத்துப்போயிற்று. அப்போ எங்கப்பா கடைசிவரைக்கும் உங்க வீட்டுல ஒண்டிக் கிடந்தவரா, சித்தி என்று கேட்டான். பேச்சு வந்த நாளிலிருந்து அவன் வாயில் நான் கேட்காத சொல் அது. என் பாலைக் குடித்த வாய். அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறான். அவன் பிள்ளைகள் பழக்கத்தில் பாட்டி என்று ஓடி வந்தால் அவன் பெண்டாட்டி தீனா கண்ணை உருட்டுகிறாள்.

அறுத்த பக்கத்தைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள், என் நாற்காலி அதன் ஓரத்தில்தான். ஸ்வென் பாதியில் அடுப்பு இல்லை, யார் வீட்டிலோ போய்ச் சாப்பிடுகிறானாம். நன்றாக வேண்டும் என்று நினைக்கிறேன், பிறகு இன்றைக்குச் சாப்பிட்டானோ என்றும் நினைக்கிறேன், என்ன ஜென்மமோ. இரண்டு பேருடைய ரத்தமும் உன் ஒருத்தி உடம்பில்தான் ஓடுகிறது, அதனால் இரண்டு பேரும் உனக்கு எழுதுவார்கள். எந்தப் பக்கமும் சாயாதே. என்னை அங்கே கூப்பிடவும் செய்யாதே, நான் கிளம்பிவிட்டால் இவர்கள் சண்டை போடக்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

மாப்பிள்ளையைக் கடலுக்குப் போகும்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல். குழந்தைக்கு என் முத்தம். ஆண்டவர் உங்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே. நீ எப்போதும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் என்றுதான் கடிதத்தைத் தொடங்குவாய். போன வாரம் வந்ததைத் தீனா பிரித்துப் படித்துவிட்டு, இது எந்த வீட்டுக்கு என்று என்னைக் கேட்டாள். இனிமேல் அம்மாவுக்கு என்றே தொடங்கு. அப்படிக் கூப்பிட இப்போது எனக்கு நீ ஒருத்திதான் மிச்சம்.

உன் அம்மா,
குன்ஹில்