உப்புத் தண்ணீர் போட்ட நாள்

பாசல், சுவிட்சர்லாந்து,
அக்டோபர் 9

அன்புள்ள உர்ஸ்,

நீயும் மார்லீஸும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். கனடாவில் இதற்குள் பனி விழுந்திருக்கும். மாடுகளைக் கொட்டகைக்குள் அடைத்தாயிற்றா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நவம்பரில் ஆபரேஷன். இந்த வயதில் மயக்க ஊசி கொஞ்சம் ஆபத்துதான் என்றார் டாக்டர். சொன்ன கையோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இந்த வருஷம் பிளம் நல்ல காய்ப்பு. ஜாம் அனுப்பினால் உங்கள் ஊர் சுங்கத்துக்காரர்கள்தான் தின்பார்கள் என்று அனுப்பவில்லை.

இனி உன் தம்பி விஷயம். ரேட்டோ பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. போனில் அவன் பேச்சை எடுத்தால் உடனே உனக்கு மாட்டைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் இன்னும் காலையும் மாலையும் அந்த கிளினிக்குக்குத்தான் போகிறான். அங்கே டாக்டர்கள் அளந்து கொடுக்கிற ஹெராயினை நர்ஸ் கண் எதிரே ஊசியாகப் போட்டுக்கொண்டு, டிராம் ஏறி சைக்கிள் பட்டறை வேலைக்குப் போகிறான். திருட்டு இல்லை, தெருவில் விழுந்து கிடப்பது இல்லை. இது எனக்குப் போதும். உனக்குப் போதாது என்றும் தெரியும்.

போன மாதம் அங்கே ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தான். ஹெராயின் மூளையில் என்ன செய்கிறது என்று பார்க்கிறார்களாம். இரண்டு நாள் வர வேண்டும். ஒரு நாள் மருந்து, ஒரு நாள் வெறும் உப்புத் தண்ணீர். எது எந்த நாள் என்று அவனுக்கும் சொல்ல மாட்டார்கள், டாக்டருக்கும் தெரியாது. ஊசிக்குப் பிறகு மெஷினுக்குள் படுக்க வைத்து முகங்களைக் காட்டுவார்கள். சில சும்மா இருக்கும் முகம், சில பயந்த முகம். ஆணா பெண்ணா என்று பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். நடுவில் ரத்தமும் எடுப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அன்றைக்கு உப்புத் தண்ணீர் என்றால் உண்மையான மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். துணைக்கு வரச் சொன்னான், இரண்டு நாளும் போனேன்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருந்துச்சும்மா, எனக்குத் தூக்கமே வந்துருச்சு" என்றான். எந்த ஊசி என்று யாருக்கும் தெரியாதாமே என்று கேட்டேன். "இருபது வருஷமா போட்டுக்கிறவனுக்கா தெரியாது? அவங்களுக்கு வேணா தெரியாது" என்று கண்ணடித்தான்.

இரண்டாவது நாள் வெளியே வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலை அறுத்தது. உட்காரக்கூட இல்லை. "அப்பா கடைசியில பயந்தாராம்மா?" என்று கேட்டான்.

உர்ஸ், அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அங்கே ஒரு கிழவனுடைய முகத்தைக் காட்டினார்களாம், கண்கள் அப்படியே அப்பாவுடையது போல இருந்ததாம். பிறகு அழுதான். ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அழுதானே, அப்படி வாயைத் திறந்துகொண்டு அழுதான். நர்ஸ் சில்வியா மருந்தோடு வந்து நின்றாள். உடம்பு முழுக்க அதற்காகத்தான் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும், "கொஞ்சம் பொறுங்க, அழுதுட்டு வர்றேன்" என்றான். அவள் வெளியே போய் நின்றாள், நல்ல பெண்.

அப்புறம் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் முகம் காய்ந்துவிட்டது. "பசிக்குதும்மா, கீழ உருளைக்கிழங்கு சாலட் இருக்கான்னு பாக்கலாமா?" என்றான். எனக்குத் திக்கென்றது. உனக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் இரண்டாம் முறை சாலட் கேட்டதற்குத்தானே, "இவன் மனுஷனே இல்ல, கல்லு" என்று நீ சொந்தக்காரர்கள் நடுவில் கத்திவிட்டு எழுந்துபோனாய்? அன்று காலையும் அவன் ஊசி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

அந்த ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மாவைக் கேட்டேன். மூளையில் பயத்துக்கு மணி அடிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், ஹெராயின் உள்ளே போனால் அந்த மணி சத்தம் தணிந்துவிடுகிறதாம். பதற்றம் வந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஏதோ ஒன்றும் குறைகிறதாம். போதை சந்தோஷத்துக்காக மட்டும் இல்லை, அந்தச் சத்தம் தாங்காமலும்தான் என்றாள். ஆனால் ஒரு சாவு வீட்டில் ஒருவர் நடந்துகொண்டதற்கு இதைக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு முடியாமல் இருக்கலாம். அதே மகனை ஒரே மணி நேரத்தில் இரண்டு விதமாகப் பார்த்த எனக்கு அது போதும்.

என் முறை வரும்போதும் அவன் ஊசி போட்டுக்கொண்டுதான் வருவான், சாலட்டும் கேட்பான். அப்போது யாரும் கத்தக் கூடாது, சொல்லிவிட்டேன்.

அப்பா பயந்தாரா என்று அவன் கேட்டானே, அது எனக்குத் தெரியாத விஷயம். அந்தக் கடைசி ராத்திரி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. என்ன நடந்தது என்று நீயும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "அண்ணனுக்குத்தான்டா தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவன் சொன்னது இது: "அண்ணன் பேசறதா இருந்தா ஊசிக்கு முன்னாடி பேசச் சொல்லும்மா. போட்டதுக்கு அப்புறம்னா நான் நல்லாத்தான் பேசுவேன், அதான் அவனுக்குப் பிடிக்கல."

ஊசிக்குப் பிறகு பேசினால் அவனுக்கு நோகாது. அம்மாவாக எனக்கு அதுதான் ஆசை. ஆனால் கேட்டவன் அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் நான்கு மணிக்கு என் வீட்டில் இருப்பான், ஆறு மணிக்குத்தான் கிளினிக், அந்த நேரத்தில் கூப்பிடு. உனக்கு அது காலையில் பால் கறந்து முடித்துக் காபி குடிக்கிற நேரம். அவன் குரல் நடுங்கும், பேச்சு திக்கும். போனை வைத்துவிடாதே. உன் குரலும் நடுங்கினால் நடுங்கட்டும், அவன் வைக்க மாட்டான். நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒருவர் கையில் ஒருவராக ஒப்படைக்கட்டும்.

உன் அம்மா
ஹெட்விக்