சின்னக் காருக்கு லாரிக் குழாய்

பாப்பா அம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் எழுதுறது. ரெண்டு பேரும் சுகமா? உன் முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன், ஒரு இடத்துல உட்காரத்தான் முடியல.

பட்டறைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்துச்சு. லாரியிலயே பழகின கையாச்சே, கண்ணளவுல மூணு இஞ்ச் புகைக்குழாய் வச்சுட்டேன். குழாய் பெருத்தா எஞ்சினோட இழுவை போயிடும். சத்தம் ஊரத் தூக்குச்சு, மேட்டுல வண்டி ஏறவே இல்ல.

"யோவ், இது காரா, கல்யாண பேண்டா? இன்னொரு தப்பு பண்ணே, ஊருக்கு டிக்கெட்டுதான்"னாரு முதலாளி.

பயப்படாத. அளந்து பாத்து ரெண்டு இஞ்ச் குழாயும் நீளமான சைலன்சரும் மாட்டிட்டேன். இப்ப மேட்டுல ஓட்டிப் பாக்கப் போறாங்க, அதான் உட்கார முடியல.

பாப்பா பாதத்தை நூல் வச்சு அளந்து, அந்த நூலையே அனுப்பு. செருப்பு வாங்கணும். நான் பாத்த கால் இப்ப வளந்திருக்கும், கண்ணளவுல வாங்க பயமா இருக்கு.

கார் கிளம்புது, ஓடுறேன்.